தகர மூடிமேல் ஒட்டிய சென்சார்

பன்னிரண்டு வருடம் பம்பு தொழிற்சாலை, ஐந்து வருடம் ஆராய்ச்சிக்கூடம், இப்போது பல்கலைக்கழகம். "உங்க அக்கா எந்த நாற்காலியும் சூடாகுற வரைக்கும் உக்கார மாட்டா" என்று என் கணவர் என் தம்பியிடம் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் பொய்யில்லை. தொழிற்சாலையில் 'ஏன்' என்று கேட்க நேரமில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தோம், அதனால் ஒரு பம்பும் சரியாகவில்லை. வகுப்பறையில்தான் இரண்டும் சேர்ந்து கிடைத்தன. இங்கேயே இருந்துவிட ஆசைப்பட்டேன். ஆனால் நான் தற்காலிக ஆசிரியை. வேலை நிரந்தரமாவது அன்றைய ஒரு வகுப்பைப் பொறுத்திருந்தது.

துறைத்தலைவர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். சிரிப்பதற்கே விண்ணப்பம் கேட்கிற மனிதர். மேசைமேல் ஒரு சின்ன பம்பு. அதன் சுழல்தண்டைத் தாங்கும் பேரிங்கில், பாடத்துக்காக, முந்தின நாள் நானே ஒரு பள்ளம் போட்டு வைத்திருந்தேன். அதிர்வை அளக்கும் சென்சாரை ஒட்டினால் திரையில் கோடு முள்முள்ளாக எகிற வேண்டும். "பேரிங் கெட்டா பம்பே சொல்லிடும், பாருங்க" என்று ஸ்விட்சைப் போட்டேன்.

கோடு சாதுவாகப் படுத்துக் கிடந்தது.

"பேரிங் நல்லாத்தானே இருக்கு மேடம்?" என்றாள் முன்வரிசை மாணவி. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் மானம் கப்பலேறியது. தலைவர் பேனாவைத் திறந்து எதையோ எழுதினார்.

கம்ப்யூட்டர்மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கை தானாகப் பையிலிருந்த திருப்புளியை எடுத்தது. தொழிற்சாலைப் பழக்கம். அதன் முனையைப் பேரிங் இருக்கும் இடத்தில் அழுத்தி, பிடியைக் காதில் வைத்தேன். கரகரவென்று அரைத்தது. அப்போதுதான் உறைத்தது. கடைசி வரிசைக்கும் எடுப்பாகத் தெரியட்டும் என்று, ரப்பர் வாஷர்மேல் உட்கார்ந்திருக்கும் தகர மூடியில் சென்சாரை ஒட்டியிருக்கிறேன். ரப்பர் விழுங்கிவிட்டால் அதிர்வு அங்கே எப்படி வந்து சேரும்? தொழிற்சாலையில் புது ஆட்கள் இதைச் செய்தபோதெல்லாம் காதைத் திருகாத குறையாகத் திட்டியவள் நான்.

"தப்பு என்னோடது" என்றேன். "எங்கன்னு நீங்களே கண்டுபிடிங்க."

திருப்புளியை முன்வரிசை மாணவியிடம் நீட்டினேன். அவள் அங்கே இங்கே வைத்துக் கேட்டாள். "இங்க கரகரங்குது. மூடியில வெச்சா ஒண்ணுமே கேக்கல மேடம்." அதற்குள் பத்துப் பேர் மேசையைச் சூழ்ந்து, எனக்கு எனக்கு என்று திருப்புளிக்கு அடித்துக்கொண்டார்கள். சென்சாரை இடம் மாற்றியதும் அவர்களேதான். கோடு எகிறியது.

எல்லோரும் போனபின் தலைவர் மேசைக்கு வந்தார். போச்சு, மறுபடியும் வேலை தேட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவர் திருப்புளியை எடுத்துத் தன் காதில் வைத்து, பம்பை ஓட்டச் சொன்னார். வெகுநேரம் கேட்டார்.

"இனி வருஷா வருஷம் இந்தப் பாடம் உங்களுக்குத்தான்" என்றார். "சென்சாரை மட்டும் முதல்ல அந்த மூடியிலயே ஒட்டுங்க."