வேனை எடுக்க வேண்டாம்

அமெரிக்க ஓவியர் மரியோ நாற்பது வருடங்களாகத் தெருக்களை மட்டுமே வரைந்தவர். டெற்றோயிற், பிற்ஸ்பேர்க், கிளீவ்லண்ட் என்று எந்த ஊரிலும் சந்திகள், பெற்றோல் நிலையங்கள், மின்கம்பங்கள்தான். ஆட்கள் இல்லை. மனிதர்கள் அசைகிறார்கள் என்பது அவருடைய முறைப்பாடு. மனைவியைப் பிரிந்ததற்கும் அதையே காரணமாகச் சொல்வார்.

மகளைப் பார்க்கக் கனடாவின் மார்க்கம் நகருக்கு வந்தவர், ஒக்டோபரில் ஒருநாள் காலை பக்கத்து ஸ்காபரோவில் ஸுபைரின் திரைச்சீலைக் கடைக்கு எதிரே வந்து நின்றார். கடை வாசலில் ஸுபைரின் வெள்ளை வேன். மரியோ வீதியைக் கடந்து வந்து, படம் முடியும்வரை அதை எடுக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டார்.

"எத்தனை நாள்?"

"மூன்று வாரம். வெயில் இருந்தால்."

முடியாது என்று சொல்லிப் பழகாத ஸுபைர் தலையை ஆட்டிவிட்டார்.

மறுநாள் முதல் அவர் திரைச்சீலைக் கம்பிகளைத் தோளில் வைத்துக்கொண்டு, மூன்று பஸ் மாறி ஸ்ரௌவ்வில் என்ற ஊரின் புதுவீடுகளுக்குப் போனார். பஸ்ஸில் நின்றவர்கள் அந்தக் கம்பிகளையே கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டார்கள். இறங்கும்போது ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கவேண்டியிருந்தது.

"வேன் வாங்கினது ஓடவா, வரையவா?" என்றார் மனைவி நூருல் இனாயா.

"மனுஷன் கேட்டுட்டார், இனாயா."

"அப்ப அவர்ட தோள்ல ஏறி ஸ்ரௌவ்வில் போங்க."

பத்தாம் நாள், கடை இருந்த பிளாசாவின் காவலர் வாகீசன், வேனை அகற்றச் சொல்ல வந்தார். மரியோவின் பின்னால் அரைமணித்தியாலம் நின்று பார்த்துவிட்டுக் கடைக்குள் வந்தார்.

"ஸுபைர் நானா, வேன் நிக்கட்டும். ஆனா முன்சில்லு திரும்பி நிக்குது. படத்துக்கு வடிவில்லை."

மரியோ சில்லைத் தொட விடவில்லை. அவரும் வாகீசனும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

இருபத்திரண்டாம் நாள் படம் முடிந்தது. எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். கடை இருந்தது, மின்கம்பம் இருந்தது. வேன் இல்லை.

"வெளிச்சத்தை மறைத்தது. அழித்துவிட்டேன்," என்றார் மரியோ.

படத்தில், கடைக்கு முன்னால் இருந்த பஸ் தரிப்பில் ஒரு மனிதர் கம்பிகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"இது நான்!" என்றார் ஸுபைர்.

"தினமும் அரைமணித்தியாலம் ஒரே இடத்தில் நின்றீர்கள். இப்படி அசையாத மனிதரை நான் கண்டதேயில்லை." என்றார் மரியோ.

கோபப்படுவதா வெட்கப்படுவதா என்று ஸுபைருக்குத் தெரியவில்லை. இனாயா படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"வயிறு கொஞ்சம் கூடிப்போச்சி. ஆனா முகம் சரி. பஸ் வராட்டி இவருக்கு இந்த முகம்தான்."

ஸுபைர் போய் வேனின் சாவியைத் திருகினார். பற்றரி செத்திருந்தது. பிளாசா மூலையில் இருந்த கராஜ்வரை தள்ளிக்கொண்டு போவதென்று முடிவாயிற்று. இனாயா ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஸுபைரும் வாகீசனும் மரியோவும் பின்னால் நின்றார்கள். பாதிவழியில் மரியோ கையை எடுத்துவிட்டு, கராஜின் சிவப்புச் சுவரில் விழுந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

இனாயா கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"தள்ளச் சொல்லுங்க அந்த மனுஷனை!"

தமிழ் தெரியாத மரியோ உடனே தள்ளத் தொடங்கினார்.