முதலில் தண்ணீர் குடியுங்கள்

அந்த அலுவலகத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் கைரேகை வைத்துத்தான் உள்ளே போக வேண்டும். தாமதமானால் சம்பளத்தில் பிடித்தம். மாதத்தின் சிறந்த ஊழியர் சுவரில் பல்லைக் காட்டிக்கொண்டு தொங்குவார். கழிவறைக்குப் பக்கத்தில் 'நேர்மையே நம் பலம்' என்று கண்ணாடிச் சட்டம் வேறு. முன்பின் தெரியாதவர்களுக்கு ஃபோன் போட்டு, கணக்கை முடக்குவோம், கைது செய்வோம் என்று மிரட்டிப் பணம் பறிப்பதுதான் தொழில். மற்றபடி கண்ணியமான இடம்.

பேசுகிறவர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து பேசினார்கள். என்ன பேச வேண்டும் என்பதை எழுதிக் கொடுக்க ஒருவர் இருந்தார். அவரை எல்லோரும் வசனகர்த்தா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னல் இல்லாத மூலையில் அவருடைய மேஜை. எழுத்து வேலை என்ற விளம்பரத்தை நம்பி விமானம் ஏறி வந்தவர். வந்த அன்றே மேனேஜர் அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கி, "பத்திரமா இருக்கட்டும்" என்று இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். சொன்ன சொல் தவறாதவர். இன்றுவரை அது பத்திரமாகவே இருக்கிறது.

வசனகர்த்தாவுக்குத் தன் எழுத்தைப் பற்றி ரகசியமாக ஒரு கர்வம் உண்டு. எந்த நாவலைத்தான் வாசகர் பாதியில் மூடி வைக்காமல் இருக்கிறார்? இவர் எழுதியதைக் கேட்டவர்களோ அடுப்பில் பால் பொங்கினாலும் ஃபோனை வைத்ததில்லை. அதிலும் தண்ணீர் வசனம் அவருடைய சாதனை. எதிர்முனையில் இருப்பவர் பயந்து மூச்சு வாங்கும்போது, "முதல்ல போய்த் தண்ணி குடிச்சுட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். திருடன் யாராவது தாகத்தைப் பற்றிக் கேட்பானா? அந்த நொடியோடு சந்தேகம் செத்துவிடும்.

அந்த வரி சொந்தக் கற்பனை இல்லை. வீட்டுக்குள் அவர் கத்திக்கொண்டே நுழையும்போதெல்லாம் மனைவி சொல்வது. ஊரில் அவள் இப்போது நிறைமாதம். பிரசவத்துக்கு வந்துவிடுவதாகச் சத்தியம் செய்திருந்தார். லீவு கேட்டு மேனேஜர் முன்னால் பலமுறை நின்றாயிற்று.

ஒரு மத்தியானம் ஃபோன் வந்தது. லீவு விஷயங்களைப் பார்க்கும் மேடத்தின் குரல். அதே மூக்கடைப்பு, அதே சலிப்பு.

"சார், உங்க பாஸ்போர்ட் ரிலீஸ் ஆயிடுச்சு. ஃபைல் மூவ் ஆயிட்டே இருக்கு. இப்ப உங்க ஃபோனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்க."

வந்தது. அடியில் யாரிடமும் பகிர வேண்டாம் என்று எழுதியிருந்தது.

"மேடம், இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கே?"

"கரெக்ட்டா கேட்டீங்க சார். எல்லாரும் உங்களை மாதிரி ஜாக்கிரதையா இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது. ஆனா மேனேஜர் கிளம்பிட்டாருன்னா ஃபைலை மூடிடுவாங்க. அப்புறம் அடுத்த மாசம்தான்."

அடுத்த மாதம் என்றதும் அவருக்கு மூச்சு வாங்கியது. அந்தச் சத்தம் அவருக்கே கேட்டது.

"ஏன் சார் பதட்டம்? முதல்ல போய்த் தண்ணி குடிச்சுட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

எழுந்து போனார். குடித்தார். எத்தனை மாதம் கழித்து ஒரு மனுஷி கேட்கிறாள். கண்கூடக் கலங்கியது. திரும்பி வந்து நம்பரைச் சொன்னார்.

நேரே மேடத்தின் அறைக்கு ஓடினார். அவள் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் எப்ப சார் உங்களைக் கூப்பிட்டேன்?"

பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. டிக்கெட்டுக்கென்று வங்கியில் சேர்த்து வைத்திருந்த பணம் அதற்குள் துடைத்தெடுக்கப்பட்டிருந்தது.

மேனேஜருக்கு ஆள் யாரென்று உடனே புரிந்தது. மேல் மாடியிலும் இதே தொழிலில் ஒரு கம்பெனி இருந்தது. இங்கே பேசிக்கொண்டிருந்த ஒரு பெண், கேக் வெட்டி விடைபெற்று, கூடுதல் சம்பளத்துக்கு அங்கே போயிருந்தாள். குரலை அச்சு அசலாக நகல் எடுக்கும் மென்பொருளும் அவர்களிடம் வந்துவிட்டதாகப் பேச்சு.

"என் வசனத்தைத் திருடிட்டா சார்," என்றார் வசனகர்த்தா. பணம் போனதைவிட அதுதான் வலித்தது. "ஒரு வரி விடாம. போலீஸ்ல..." என்று ஆரம்பித்தவர், எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

மேனேஜர் அவர் தோளில் தட்டினார். "எழுதின உங்களையே எந்திரிச்சுப் போய்த் தண்ணி குடிக்க வச்சிருக்கு. இதைவிட என்னங்க சர்டிபிகேட் வேணும்?"

"என் லீவு, சார்?"

"நீங்களே சொல்லுங்க, இந்த நேரத்துல உங்களை எப்படி விட முடியும்? மேல் மாடிக்காரன் தண்ணியைத் தூக்கிட்டுப் போயிட்டான். நாம புதுசா ஏதாவது எழுதியாகணும்."

அன்று சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள்.

"என்ன, குரலே சரியில்ல? முதல்ல போய்த் தண்ணி குடிங்க. நான் லைன்லயே இருக்கேன்."

வசனகர்த்தா எழுந்திருக்கவில்லை. ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, நம்பரைப் பார்த்தார். அவள் நம்பர்தான். நம்பரை எப்படி மாற்றிக் காட்டுவது என்பதும் அவருக்குத் தெரியும்.

"உன் பிறந்த தேதியைச் சொல்லு," என்றார்.

"என்னது?"

"சும்மா ஒரு சரிபார்ப்புக்கு."

"என் பிறந்த தேதி கிடக்கட்டும். உங்க பிள்ளை இந்த வாரமோ அடுத்த வாரமோங்கறாங்க டாக்டர். அன்னிக்கும் வாசல்ல நின்னு சரிபார்ப்பீங்களா? வர்றீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

அவள்தான். இந்தத் தொனியை எந்த மென்பொருளும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"ஃபைல் மூவ் ஆயிட்டே இருக்கும்மா," என்றார்.

"அப்பாடா," என்றாள் அவள்.