நாலு வருடம், முந்நூற்றைம்பது கிராம்

ஏலக்காய் கிலோ இரண்டாயிரத்து நானூற்றுக்குப் போன ஒரு புதன்கிழமை, போடிநாயக்கனூரில் சந்திரவல்லி தன் வாழ்க்கையின் நாலு வருடத்தைத் தவறுதலாக ஏலத்துக்கு அனுப்பிவிட்டாள். நாலு வருடத்தின் எடை முந்நூற்றைம்பது கிராம். ஈரம் ஏறவில்லை, பச்சை நிறம் குறையவில்லை. சரக்கில் குற்றம் சொல்ல எதுவுமில்லை.

சந்திரவல்லி, முத்துக்கிருஷ்ணன் என்ற வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியில் காய் பொறுக்குகிறவள். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் ஏலக்காயைத் தட்டில் பரப்பி, பெருங்காய், சிறுகாய், வெடித்த காய் என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். இருபது வருடமாக அதே மூலை, அதே தட்டு. ஒருகாலத்தில் அவளும் எல்லோரையும் போல டைரி எழுதிப் பார்த்தவள்தான். மருந்துக்கடையில் புது வருடத்துக்குச் சும்மா கொடுத்த டைரி. பிப்ரவரி வரை எழுதினாள். அவள் புருஷன் பேச்சிமுத்து ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டுபோய் டீக்கடையில் சத்தமாக வாசித்தான். 'இன்று தலைவலி. யாரும் கேட்கவில்லை' என்ற வரிக்குத்தான் அதிகம் சிரித்தார்கள் என்று அவளிடமே வந்து சொல்லவும் சொன்னான். பேச்சிமுத்து கெட்டவனில்லை. ஊரைச் சிரிக்கவைக்க அவனிடம் வேறு சரக்கு இல்லை, அவ்வளவுதான். அவள் டைரியை அடுப்பில் வைத்து, அதன்மேல் வெந்நீர் போட்டுக் குளித்தாள்.

பேச்சிமுத்து இறந்து பதினாறு முடிந்து வேலைக்கு வந்த அன்று, ஒரு வெடித்த காயைக் கையில் எடுத்தவள், தன்னையறியாமல் அதனிடம், "இன்னைக்கும் ரெண்டு பேருக்கு உலை வச்சுட்டேன்" என்று சொன்னாள். காய் வாயை மூடிக்கொண்டது. வெடித்த காய் மூடாது என்பது போடியில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். சந்திரவல்லி அதை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, காதோரம் வைத்து நகத்தால் கீறினாள். அவள் குரலே வந்தது. ஒரு தடவை பேசியதோடு சரி, அப்புறம் வெறும் காய்.

அதற்குப் பிறகு நாளுக்கு ஒரு காய் என்று வைத்துக்கொண்டாள். ஏலக்காய்க்குள் மூன்று அறை உண்டு. ஒன்றில் காலை, ஒன்றில் மத்தியானம், ஒன்றில் சாயங்காலம். சாயங்கால அறையை நிரப்புவதுதான் பெரும்பாடு. ரயில்வே கேட் பக்கத்துச் சந்தில் தனியாக இருக்கிறவளுக்குச் சாயங்காலம் என்ன நடந்துவிடப்போகிறது? பக்கத்து வீட்டு டிவி சத்தத்தையே பல நாள் பிடித்து அடைத்தாள். திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் சிவரஞ்சனி ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். நல்லாயிருக்கியாம்மா என்பாள், நல்லாயிருக்கேன் என்பாள் இவள், அதற்குள் அந்தப் பக்கம் பேத்தி அழும், போன் வைக்கப்படும். அதுவும் ஒரு அறைக்குக் காணாது. சாதாரண நாளைச் சிறுகாயிலும் நல்ல நாளைப் பெருங்காயிலும் சொல்வது அவள் வழக்கம். நாலு வருடத்தில் பெருங்காய் மொத்தம் ஐந்துதான் சேர்ந்தது.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்து வீட்டு ஓடு ஒழுகியது. ஈரம் பட்டால் காய் வெளுத்துவிடும் என்று, சேர்த்த காயையெல்லாம் போட்டுவைத்திருந்த கவரோடு கிட்டங்கிக்குக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஏலத்துக்குப் போகிற சாம்பிளும் அதே மாதிரிக் கவரில்தான் இருக்கும். ஜீப் டிரைவர் அருள்பாண்டி அவசரமாக வந்து, "அக்கா, சாம்பிள் எங்க? வெரசா குடு" என்றான். காய் பொறுக்குகிறவர்கள் தட்டிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார்கள், எடுத்தால் கணக்குத் தவறிவிடும். இவளும் எடுக்காமலே, "அந்தா, பக்கத்துல இருக்கு பாரு, எடுத்துக்க" என்றாள். அவன் எடுத்துக்கொண்டான். மலைரோட்டில் தலைசுற்றுகிற ஆட்களுக்கு மென்றுகொள்ளக் கொடுப்பதற்காக அதிலிருந்து ஒரு பிடி அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளவும் மறக்கவில்லை.

ஏலக்கூடத்தில் சாம்பிளைப் பார்க்கிற முறை எல்லோரும் அறிந்தது. வியாபாரிகள் கவரிலிருந்து ஆளுக்கொரு பிடி அள்ளி, நகத்தால் பிளந்து, உள்ளே அரிசி என்கிற விதை கறுப்பாக இருக்கிறதா என்று பார்த்து, மோந்துவிட்டுத் தரையில் போட்டுவிடுவார்கள். ஏலம் முடிவதற்குள் தரை முழுக்கக் காய் நொறுங்கும். அன்றும் பிளந்தார்கள். நாற்பது பேர் கையிலிருந்தும் சந்திரவல்லி பேசினாள். ஒருவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமையின் முதுகுவலி கிடைத்தது. இன்னொருவருக்கு, பேச்சிமுத்துவின் சட்டையைப் பழைய துணிக்காரனுக்குப் போட்டுவிட்டு மறுபடி ஓடிப்போய் வாங்கிவந்த மத்தியானம். பொன்னுமணி என்று ஒரு வியாபாரி, காசுக்கும் கண்ணீருக்கும் அசையாதவர் என்று பெயர் வாங்கியவர், ஒரு பெருங்காயைப் பிளந்தார். "பேத்தி பொறந்துருக்கா. பஸ்சு கண்டக்டர்ட்டச் சொன்னேன். ரயில்வே கேட்டுல நின்ன ஆள்ட்டச் சொன்னேன். வேற ஆளில்ல" என்றது காய். அவர் அந்தத் தோலைத் தரையில் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு ஏலம் நடந்தது. அரிசி கறுப்பாக இருந்ததால் விலையில் குறையில்லை.

உண்மையான சாம்பிள் கவர் தட்டுக்கு அடியில் கிடப்பதைச் சந்திரவல்லி பார்த்தபோது மணி பன்னிரண்டு. செருப்பைப் போடாமல் ஓடினாள். கூடம் காலியாகியிருந்தது. கூட்டுகிற ராமுத்தாய், அன்று ஏலம் போன எண்பது லாட்டுக் காயையும் ஒரே குவியலாகத் தள்ளி வைத்திருந்தாள். பிளந்து மிதிபட்ட அதில் எது தன் வெள்ளிக்கிழமை, எது அடுத்தவர் சரக்கு என்று இருபது வருடம் காய் பிரித்தவளாலேயே பிரிக்க முடியவில்லை. குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். போனது போகட்டும் என்று தாங்கியிருப்பாள். கேட்டுவிட்டார்களே, இனி ஊர் சிரிக்குமே என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அருள்பாண்டி வந்து கதவைத் தட்டினான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று சொன்னான். "நாப்பது பேரு உக்காந்திருந்தாங்கக்கா. ஒருத்தரும் செல்போனக் கையில எடுக்கல. ஒருத்தரும் சிரிக்கல." அவ்வளவு நேரம் நாற்பது பேர் தன் பேச்சைக் கேட்டார்கள் என்பதை நம்ப அவளுக்கு ஒரு வாரம் ஆனது. டீக்கடையைத் தாண்டி நடந்து பார்த்தாள். அங்கே மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலைக்குத் திரும்பினாள், ஆனால் காயிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். கேட்டவர்களும் போய்விட்டார்கள், சொன்னதும் தரையில் போய்விட்டது. வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கார்த்திகையும் மார்கழியும் அவளுக்கு மிக நீளமாக இருந்தன.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை, போடிமெட்டுக்கு மேலே இருக்கிற ஒரு எஸ்டேட் லோடைத் தட்டில் கொட்டியபோது, வாயோரம் வெடித்து மூடிய தழும்போடு ஒரு பெருங்காய் உருண்டது. மற்றவர்கள் கண்ணுக்கு அப்போது அது படவில்லை. சந்திரவல்லி அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்து காதில் வைத்து முதல் அறையைக் கீறினாள். வயதான ஆண் குரல், மலையாளம் கலந்த பேச்சு.

"கொழம்புல உப்பு கூடிப்போச்சு, யார்ட்டச் சொல்லன்னு கேட்டியே ஆத்தா. ஒரு உருளைக்கெழங்க வெட்டிப் போடு. இழுத்துக்கிரும்."

எப்போதோ ஒரு காயிடம் அவள் சொன்னது அது. பதில் சொன்னது, அந்த எஸ்டேட்டில் காய் உலர்த்தும் ஸ்டோரில் ஒற்றை ஆளாக அடுப்புக்கு விறகு தள்ளும் மொக்கையன், மலைரோட்டின் ஒன்பதாம் வளைவில் தலைசுற்றி, அருள்பாண்டி கொடுத்த அவள் காயைக் கடித்தவர். கடித்த அன்றிலிருந்து நாளுக்கு ஒரு காயிடம் இதையே சொல்லி மூட்டையில் போட்டுக்கொண்டிருந்தார். எழுபது நாளில் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டாவது அறையைக் கீறினாள். "இங்க மழ கொறச்சு விட்டிருக்கு. நானும் ஒத்தைக்குத்தான் இருக்கேன்" என்றது. மூன்றாவது அறையைக் கீறப்போனவள், அது வெடித்தபடியே மூடாமல் இருப்பதைப் பார்த்தாள். காதில் வைத்தாள், சத்தமில்லை. சாயங்காலத்துக்கான அறையை அவர் சும்மா விட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் அந்த அறையில் வாயை வைத்து, "ஒங்க காயி வந்து சேந்துச்சு. கெழங்கு போட்டேன், சரியாயிருச்சு" என்று சொன்னாள். கீறிய இடமெல்லாம் சேர்த்துக் காய் மூடிக்கொண்டது. மறுநாள் மேலே போகிற ஜீப்பில் அருள்பாண்டியிடம் கொடுத்தாள்.

"யாருக்குக்கா?"

"பேரு தெரியாது. உருளைக்கெழங்கு போடச் சொன்ன ஆளுக்கு."

அவன் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தழும்பைக் கண்டுபிடிக்க மற்றவர்களும் பழகிவிட்டார்கள். முத்துக்கிருஷ்ணனின் கிட்டங்கியில் இப்போது காயை நாலாகப் பிரிக்கிறார்கள். பெருங்காய், சிறுகாய், வெடித்த காய், சந்திரவல்லிக்கு வந்த காய்.