முக்காலிக்கு வரவழைத்த புத்தகங்கள்

மூன்றாவது அலமாரியின் கடைசித் திருகு இறுகிப்போய் அசையவில்லை. அக்காவின் தம்பி அதைத் திட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பெயர்ப்பலகையை முந்தின நாளே இறக்கியாயிற்று. அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் கட்டுப் பிரித்த தோல்போல வெளுத்துக் கிடந்தது. நான் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்து, பட்டியலைப் பார்த்துப் புத்தகங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பதிப்பகங்களுக்குத் திரும்பிப் போகிறவை இடதுபுறம். வந்து மூன்று மாதம் தாண்டிவிட்டதால் அவர்கள் திரும்ப வாங்காதவை வலதுபுறம். இடதுபுறம் இரண்டு பெட்டிகூட நிறையவில்லை.

அக்கா என் கூடப் பிறந்தவர் அல்ல, இந்தப் புத்தகக் கடையின் சொந்தக்காரர். எதிர்வரிசையில் உள்ள கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலைக்கு நான் சேர்ந்து பத்தொன்பது வருடமாகிறது. சேர்ந்த புதிதில், சாப்பாட்டு இடைவேளையில் போக இடம் தெரியாமல் இங்கே நுழைந்தேன். வாங்கத்தான் வேண்டும் என்றில்லை, சும்மா உட்கார் என்று சொல்லி அக்கா ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார். அன்றிலிருந்து அது என் இடம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும், அம்மா போன வருடத்திலும், இரண்டு பிரசவங்களுக்கு இடையிலும் அந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

உதவிக்கு வருகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். கடை இருக்கும்போதே சொன்னால்தான் அது சொன்னதாகும். மூடிய பிறகு சொன்னால் துக்கம் விசாரிப்பதோடு சேர்ந்துவிடும்.

ஐந்து வருடமாக இந்தக் கடையில் நான் ஒரு புத்தகமும் வாங்கவில்லை என்பதுதான் அது.

முதல் தடவை அது தப்பாகவே தோன்றவில்லை. நான் கேட்ட புத்தகம் கையிருப்பில் இல்லை, பத்து நாள் ஆகும் என்றார் அக்கா. திரும்பிப் போகிற பேருந்தில் சும்மா ஃபோனில் தேடினேன். மூன்றில் ஒரு பங்கு விலை குறைவு, மறுநாளே வீட்டு வாசலில். வீட்டுக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம் அது. இந்த ஒரு தடவை என்று நினைத்தேன். பிறகு அது வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமைகளில் வருவேன், புதிதாக என்ன வந்திருக்கிறது என்று கேட்பேன். அக்கா ஒரு புத்தகத்தைப் பற்றி அரை மணி நேரம் சொல்வார். கதையைச் சொல்ல மாட்டார். அதைப் படிக்கும்போது தனக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்வார். தலைப்பை மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வருவேன். மூன்றாவது நிறுத்தம் வருவதற்குள் வாங்கி முடித்திருப்பேன்.

வெறுங்கையோடு போகக் கூசியதால் பேனாவோ நோட்டோ வாங்குவேன். வீட்டில் ஒரு இழுப்பறை முழுக்க எழுதாத நோட்டுகள் இருக்கின்றன.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. படித்ததைச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. கணவர் நல்ல மனிதர், ஆனால் புத்தகம் என்றால் தூக்கம் வந்துவிடும். ஃபோனோ ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை தருகிறீர்கள் என்று மட்டும் கேட்கும். அதனால் அக்காவிடமே வந்து, ஒரு தோழி கொடுத்தாள், படித்தேன் என்று தொடங்குவேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். எந்த இடம் பிடித்தது, ஏன் என்று தோண்டித் தோண்டிக் கேட்பார். அந்தப் பேச்சுக்காகவே ஐந்து வருடமாக அந்த இல்லாத தோழியை உயிரோடு வைத்திருந்தேன்.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. யாருடைய முகமும் நினைவுக்கு வராமல் ஒரு புத்தகத்தையும் வரவழைக்க மாட்டார். இது இன்னாருக்குப் பிடிக்கும் என்று தோன்றினால் ஒரு பிரதி வரும். கடைசிப் பக்கத்தின் மூலையில் பென்சிலால் தேதியும், அந்த ஆளுக்கு அவர் வைத்திருக்கும் பட்டப்பெயரும் இருக்கும். அந்த ஆள் வாங்கும்போது ரப்பரால் அழித்துவிட்டுத்தான் கொடுப்பார். தொப்பிக்காரர், இருமல் சார், அரைவிலை டீச்சர் என்று எல்லோரையும் எனக்குத் தெரியும். எனக்கு என்ன பெயர் என்று மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை. மற்றவர்களைப் பற்றிச் சேர்ந்து சிரிக்கிறவளுக்குப் பட்டப்பெயர் இருக்காது என்று நினைத்துவிட்டேன்போல.

தம்பி தண்ணீர் பாட்டிலை மூடிவிட்டு வலதுபுறக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்தான். மின்சார வேலை பார்ப்பவன், படிப்பதென்றால் மீட்டரை மட்டும்தான் படிப்பேன் என்று அவனே சொல்லிக்கொள்வான். கடைசிப் பக்கத்தைப் பார்த்தான், இன்னொன்றை எடுத்தான், பிறகு இன்னொன்று.

"அக்கா, யாரு இந்த முக்காலி?" என்றான். "எதை எடுத்தாலும் முக்காலின்னே போட்டிருக்கு. ஊர்ல வேற ஆளே படிக்கலையா? இந்த ஆளு ஒழுங்கா வந்து வாங்கியிருந்தா எனக்கு இன்னிக்கு முதுகு வலி மிச்சம்."

அக்கா உள்ளறையில் கயிறு வெட்டிக்கொண்டிருந்தார். தம்பி தனக்குத்தானே சிரித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தான். முக்காலி, முக்காலி, நடுவில் ஒரு இருமல் சார், மறுபடி முக்காலி. மொத்தம் முப்பத்தேழு.

நான் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தேன். அட்டையைப் பார்க்கும்போதே என் படுக்கையறை அலமாரி கண்முன் வந்தது. இது மேல்தட்டில், இது தலைமாட்டில், இதைச் சின்னவள் தண்ணீர் கொட்டி ஊறவைத்தாள். நான் ஒரு எழுத்தாளரைப் புகழ்ந்து பேசிய மறுவாரத் தேதியில் அவருடைய அடுத்த புத்தகம் வந்திருந்தது. தோழி கொடுத்ததாக நான் சொன்ன ஒவ்வொரு பொய்யும் இங்கே ஒரு பிரதியாக வந்து, மூன்று மாதம் காத்திருந்து, யாருக்கும் ஆகாததாகியிருந்தது. ஆறு புத்தகங்கள்தான் என்னிடம் இல்லாதவை.

தம்பி திருப்புளியைத் தேடி வெளியே போனான். அக்கா கயிறோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. அந்தக் கண்ணாடிக்கும் நான்தான் பார்வை சோதித்தேன்.

"அக்கா, இந்த வலதுபக்கத்துல இருக்கறதை நான் எடுத்துக்கறேன். அட்டையில போட்டிருக்கற விலைக்கே."

"எதுக்கு? உங்கிட்டதான் இருக்கே."

சாதாரணமாகத்தான் சொன்னார். கயிற்றின் முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டே சொன்னார். சொல்ல வேண்டும் என்று நான் வீட்டிலிருந்து அடுக்கிக்கொண்டு வந்த வாக்கியங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. எப்படித் தெரியும் என்றுதான் கேட்க முடிந்தது.

"படிக்காத புத்தகம்னா பின்னட்டையைப் பாப்பாங்க. படிச்சவங்க நேரா நடுவுல பிரிப்பாங்க, பிடிச்ச இடம் இருக்கான்னு பாக்கற மாதிரி. நீ அப்படித்தான் பிரிப்பே. ரெண்டு வருஷமாத் தெரியும்."

"அப்புறமும் ஏங்கா வரவழைச்சீங்க?"

"பிடிக்கும்னு நான் நினைச்சது உனக்குப் பிடிச்சுதான்னு தெரிய வேணாமா? முக்கால்வாசி சரியாத்தானே இருந்திருக்கு." சொல்லும்போது அவர் குரலில் ஒரு துளி பெருமைகூட இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்று மாதக் கெடுவுக்குள் திருப்பி அனுப்பியிருக்கலாமே என்றேன். என் குற்றத்தில் பாதியை அவர் பக்கம் தள்ளுகிற அந்தக் கேள்வியை ஏன் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அக்கா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "எடுத்து வைப்பேன் அனுப்பலாம்னு. சனிக்கிழமை நீ வருவே. இந்தத் தடவை நீ கேட்டாலும் கேப்பேன்னு தோணும். சரி, இன்னும் ஒரு வாரம் பாப்போம்னு வச்சிருவேன்."

வெளியே தம்பி யாரிடமோ ஏணி கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம் வந்தது. மன்னிச்சிருங்கக்கா என்றேன். எனக்கே கேட்காத மாதிரி இருந்தது, மறுபடியும் சொன்னேன்.

"நீ ஒருத்தி வாங்கியிருந்தா மட்டும் கடை நின்னிருக்குமா? ரொம்பத்தான் பெருசா நினைச்சுக்காத உன்னை." பிறகு பள்ளிக்கூடங்கள் நேரடியாக வாங்கிக்கொள்ளத் தொடங்கியதையும், வாடகை ஏறியதையும், அரைவிலை டீச்சர்கூட வருவதை நிறுத்தியதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். வியாதிக்காரர் வீட்டில், வந்தவரைத் தேற்றுவதற்காக நோயாளியே பேசுவாரே, அந்த மாதிரி. என்னிடம் இல்லாத ஆறையும் அவரே சரியாகப் பிரித்து எடுத்து என் மடியில் வைத்தார். ஒன்றில்கூடத் தவறவில்லை.

அப்போதுதான் வாசலில் அந்தப் பெண் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை, தோளில் கனமான பை. கடை திறந்திருக்கிறதா, மூடிவிட்டார்களா என்று பெட்டிகளைப் பார்த்துத் தயங்கினாள். அக்கா சட்டென்று எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, உள்ளே வாம்மா என்றார். குழந்தைக்குப் படித்துக் காட்டுகிற மாதிரி, ஆனால் தனக்கும் அலுக்காத மாதிரி ஏதாவது வேண்டும் என்றாள் அவள். அக்கா ஒரு நிமிடம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு கட்டி முடித்த பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, அடியிலிருந்து ஒன்றை உருவி, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சுற்றிலும் வெற்றுச் சுவர்கள், ஒரே ஒரு திருகில் தொங்குகிற அலமாரி. குழந்தைகூடச் சத்தம் போடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கேட்டு முடித்ததும், பார்த்துட்டு வாங்கிக்கறேன் அக்கா என்று மெல்லச் சொல்லி, பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். படமெடுக்க அட்டைக்கு நேராகப் பிடித்தாள். வழவழப்பான அட்டையில் வாசல் வெயில் பட்டுப் பளபளத்தது, எழுத்து தெரியவில்லை. அவள் ஃபோனை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள்.

நான் எழப் போனேன், ஏதோ சொல்லப் போனேன்.

அக்கா அதற்குள் வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, புத்தகத்தைத் தன் நிழலுக்குள் கொண்டுவந்து, இரண்டு கையாலும் நேராகப் பிடித்தார்.

"இப்ப எடு. இப்பத் தெளிவா விழும்."