ஓடாத காருக்கு ஒரு வழக்கு

வேதவல்லி ஐந்தாவது தடவையில்தான் கார் ஓட்டும் சோதனையில் தேறினாள். ஐம்பதைத் தாண்டிய வயது. டென்மார்க்கிலிருந்து லண்டனுக்கு வந்த காலம் தொட்டுக் கார் ஓட்டியது கணவர் விஜயரத்தினம்தான். அவர் மாரடைப்பில் போன பிறகு, இல்ஃபோர்ட் வீட்டு வாசலில் கார் சும்மா நின்றது. ஹரோவில் குடும்பமாக இருக்கும் ஒரே மகள் கோசிகா அதை விற்கச் சொன்னாள். வேதவல்லி விற்கவில்லை. அதே காரில் எல் பலகையை ஒட்டிக்கொண்டு ஓட்டிப் பழகினாள். மகளுக்கு அது பிடிக்கவில்லை. இந்த வயதில் இந்த ஊர் வீதிகளில் என்ன அவசரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

லைசென்ஸ் எடுத்த முதல் மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை, கடைகள் பல சேர்ந்திருக்கும் ஒரு வளாகத்தில் காரை விட்டுச் சாமான் வாங்கப் போனாள். இரண்டு மணித்தியாலம் இலவசம் என்று போட்டிருந்தது. அரை மணித்தியாலத்திலேயே திரும்பி வந்து திறப்பைத் திருகினால் கார் ஒரு முனகலோடு அடங்கிவிட்டது. பேட்டரி செத்திருந்தது. பழுது பார்க்க வருகிற கம்பனிக்கு உடனே போன் எடுத்தாள். அவர்களோ எங்கும் பனி, வாகனம் வரத் தாமதமாகும் என்றார்கள். அறிவிப்புப் பலகையில் இருந்த எண்ணுக்கும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு, குளிரில் நடுங்கியபடி காருக்குள்ளேயே காத்திருந்தாள். மெக்கானிக் வந்து காரை உயிர்ப்பித்தபோது இருட்டிவிட்டது.

வாசலில் இருந்த கமரா அவள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் மட்டும் பதிந்து வைத்திருந்தது. அந்த இடத்தை நடத்திய தனியார் பார்க்கிங் கம்பனியிடமிருந்து, நேரம் தாண்டியதற்குக் கட்டணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு சிவப்பு எழுத்தில் ஒன்று. வேதவல்லி எதற்கும் பதில் போடவில்லை. கோசிகாவின் காதுக்கு விஷயம் போனால் கார் கதை அதோடு முடிந்துவிடும் என்று பயந்தாள். கடிதங்களை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் தள்ளிவிட்டு, பேசாமல் இருந்தால் அடங்கிவிடும் என்று நம்பினாள். காரையும் தொடவில்லை. வேலைக்குப் பழையபடி பஸ்ஸில் போனாள்.

அடங்கவில்லை. கோடை தொடங்கும்போது நீதிமன்றத்திலிருந்தே ஒரு தபால் வந்தது. கம்பனி அவள்மேல் வழக்குப் போட்டிருந்தது.

அன்று முதியோர் இல்லத்தில் வேலை செய்யும்போது வேதவல்லி அந்தத் தபாலைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதை, கூட வேலை செய்யும் மரினா கண்டுவிட்டாள். மன்னார்ப் பெண். வேதவல்லியை விடப் பத்து வயதாவது இளையவள். தேநீர் இடைவேளையில் தபாலை வாங்கி முழுவதையும் படித்தாள்.

"அக்கா, நானும் இப்பிடி ஒரு வழக்கிலை உங்களை மாதிரித்தான் பேசாமல் இருந்தனான்," என்றாள். "பதில் போடாதபடியால் எனக்கு எதிராத் தீர்ப்பு விழுந்துட்டுது. அது கடன் பதிவிலை ஏறினாப் பிறகு ஒருத்தரும் வாடகைக்கு வீடு தரேல்லை. நீங்கள் அப்பிடி விடக்கூடாது."

இரண்டு கிழமைக்குள் வழக்கை எதிர்ப்பதாக நீதிமன்றத்துக்கு அறிவித்துவிட்டால், எதிர்வாதம் எழுத இன்னும் இரண்டு கிழமை கிடைக்கும் என்று மரினா விளக்கினாள். அன்றே அவளுடைய போனில் அந்த முதல் வேலையை முடித்தார்கள். பழுதுபார்க்கும் கம்பனிக்கு எழுதிக் கேட்டபோது, வேதவல்லி போன் எடுத்த நேரமும் மெக்கானிக் வந்த நேரமும் பேட்டரியின் நிலையும் குறித்த பதிவை அவர்கள் அனுப்பி வைத்தார்கள். அடுத்த ஞாயிறு மரினாவும் அவளும் பஸ்ஸில் அந்த வளாகத்துக்குப் போய் அறிவிப்புப் பலகைகளைப் படம் எடுத்தார்கள். எதிர்வாதத்தை வேதவல்லியே எழுதினாள். முதல் தடவை எழுதியதில் கணவரின் சாவு, டென்மார்க், மழை, பனி எல்லாம் வந்துவிட்டன. மரினா அரைவாசியை வெட்டினாள்.

அனுப்பி முடித்த அன்று இரவு வேதவல்லி நன்றாகத் தூங்கினாள்.

விசாரணைக்கு முன் இரண்டு தரப்பும் சமரசம் பேசிப் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. அதற்கு நீதிமன்றத்தின் ஆள் ஒருவர் போன் எடுப்பார். அந்தப் போன் வந்த நாள் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் கோசிகா வந்து நின்றாள். மறைக்க நேரமில்லை. சமரசம் பேசுபவர், கம்பனி பாதித் தொகைக்கு இறங்கி வந்திருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள், சற்று நேரத்தில் திரும்ப எடுக்கிறேன் என்று வைத்தார். கேட்டுக்கொண்டிருந்த கோசிகாவுக்கு மெல்ல மெல்ல எல்லாம் விளங்கியது.

"பாதிதானே அம்மா கேக்கினம். கட்டிப்போட்டு விடுங்கோவன்."

"பாதிப் பிழை செய்திருந்தால் பாதி கட்டலாம்," என்றாள் வேதவல்லி. "நான் பிழையே செய்யேல்லை."

போன் திரும்ப வந்தபோது அதையே இங்கிலீஷில் மரியாதையாகச் சொல்லி மறுத்தாள். கோசிகா கதிரையில் இருந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு நடந்திருக்கு. ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் கார்த் திறப்பை வாங்கி வைச்சிடுவாய் எண்டு பயந்தன்."

கோசிகாவின் முகம் சுருங்கியது. அப்பா போனதிலிருந்து அம்மாவின் பெயர் போனில் விழும்போதெல்லாம் தனக்கு நெஞ்சு பதறுவதாகவும், கார் என்றதும் அந்தப் பதற்றம்தான் வாயில் வந்ததாகவும் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். வேதவல்லி அவளுடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வெகு நாளைக்குப் பிறகு இருவரும் அன்று ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

விசாரணை மார்கழியில், ரொம்ஃபோர்ட் நீதிமன்றத்தில். கூண்டு, கறுப்பு அங்கி என்று ஏதேதோ கற்பனை பண்ணிக்கொண்டு போனவளுக்கு, மேசையும் கதிரைகளும் போட்ட சாதாரண அறையைப் பார்த்ததும் பாதிப் பயம் போனது. நீதிபதி ஒரு பெண். கம்பனிக்காக இளம் வழக்கறிஞர் ஒருவர் வந்திருந்தார். கோசிகா லீவு எடுத்து வந்து பின்னால் இருந்தாள்.

நேரம் தாண்டினால் கட்டணம் என்று பலகை தெளிவாகச் சொல்கிறது, காரணம் எதுவானாலும் அது பொருட்டல்ல என்றார் வழக்கறிஞர். பழுதடைந்த காரை அவர் எப்படி வெளியே கொண்டு போயிருக்க வேண்டும் என்று நீதிபதி கேட்டார். பலகையில் இருக்கும் எண்ணுக்கு அவர் அறிவித்திருக்கலாம் என்று பதில் வந்தது.

அப்போது வேதவல்லி பேச அனுமதி கேட்டாள். அந்த எண்ணுக்கு அன்றே, காருக்குள் இருந்தபடியே போன் எடுத்ததாகச் சொன்னாள். பணம் கட்ட ஒன்றை அழுத்தவும், முறைப்பாட்டைக் கடிதத்தில் அனுப்பவும் என்று பதிவுக் குரல் சொன்னதே ஒழிய, கார் நின்றுவிட்டது என்று கேட்க மனிதர் யாரும் இல்லை என்றாள். எதிர்வாதத்தோடு அவள் சேர்த்து அனுப்பிய போன் பில்லில் அந்த அழைப்பு இருந்தது. நீதிபதி அதையும் பழுதுபார்த்த பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

பிறகு ஏன் கடிதங்களுக்குப் பதில் போடவில்லை என்று வழக்கறிஞர் கேட்டார்.

"பயம்," என்றாள் வேதவல்லி. "அது என்னுடைய பிழை. ஆனால் கார் அன்று ஓடவில்லை."

நீதிபதி சிறிது நேரம் எழுதினார். கடிதங்களுக்கு அவர் பதில் போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார். ஆனாலும் ஒருவர் காரை விரும்பி நிறுத்தி வைப்பது வேறு, நகர முடியாமல் நிற்பது வேறு. இலவச நேரம் முடியுமுன்னரே உதவி கேட்ட ஒருவர்மேல் இந்தக் கட்டணத்தைச் சுமத்த முடியாது என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

வெளியே வந்ததும் வேதவல்லி முதலில் மரினாவுக்குப் போன் எடுத்தாள். மரினா ஷிப்டில் இருந்தாள். "எனக்குத் தெரியும் அக்கா," என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு எதிரான பழைய தீர்ப்பையும் ஏதாவது செய்ய ஏலுமா என்று இலவச ஆலோசனை நிலையத்தில் கேட்க வேண்டும், வியாழக்கிழமை இரண்டு பேருமாகப் போவோம் என்று வேதவல்லி சொன்னாள். மரினா சரி என்றாள்.

தைப்பொங்கலுக்கு வேதவல்லி தனியாகவே ஹரோவுக்குக் கார் ஓட்டிப் போனாள். நோர்த் சர்க்குலர் வீதியில் லொறிகள் பக்கத்தில் உரசுவது போலப் போக, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இடது பக்க வரிசையிலேயே வந்து சேர்ந்தாள். மகளின் தெருவுக்குள் திரும்பினால், இரண்டு கார்களுக்கு நடுவில் இருந்த ஒரு வெற்றிடத்தை யாருக்கும் விடாமல், குளிர்ச் சட்டை போட்டுக்கொண்டு கோசிகா நடுவில் நின்றிருந்தாள்.

"உங்கடை காரை இங்கை விட விசிற்றர் பேர்மிட் போனிலை போட்டிட்டன்," என்றாள். "இனி மெல்லமாப் பின்னுக்கு வாங்கோ அம்மா. அவசரமில்லை."