மாப்புத் தலைகளின் தீர்ப்பு

எங்கள் பள்ளித் தலைமையாசிரியை என் நாத்தனார், கணவரின் அக்கா. வீட்டில் அண்ணி, பள்ளியில் மேடம். இரண்டு இடத்திலும் கடைசி வார்த்தை அவருடையதுதான். ஒன்பதாம் வகுப்பு வரலாற்றை என்னிடமிருந்து பிடுங்கிக் கணக்கு வாத்தியாரிடம் கொடுக்கப்போவதாக மிரட்டிக்கொண்டே இருந்தார். அந்த மனிதர் வரலாறு நடத்துவது எனக்குத் தெரியும். போர்டில் எழுதுவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், கதை முடிந்தது.

"வேஷம் கட்டி ஆடறதுக்கு வகுப்பு என்ன மேடையா? இன்னிக்கு வந்து உக்காந்து பாக்கறேன். பிடிக்கலைன்னா வகுப்பு அவருக்குத்தான்" என்றார் காலையில்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த வகுப்பு என் உயிர். என்றைக்கோ ஐரோப்பாவில் வாழ்ந்த சிந்தனையாளர்களைப் பிள்ளைகளுக்குப் பழக்க வேறு என்ன வழி? வேஷமென்றால் அந்தக் காலத்துச் சுருள்முடி டோப்பா வேண்டாமா? ஸ்டோர் ரூமில் தரை துடைக்கும் மாப்புகள் புதிதாக வந்திருந்தன. குச்சிகளைக் கழற்றி வைத்துவிட்டுத் தலைகளை மட்டும் அள்ளிக்கொண்டு வந்தேன். அண்ணியைக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாரா என்ன?

வகுப்பில் ஒரே விதி. டோப்பா தலையில் ஏறிவிட்டால், மணி அடிக்கும்வரை அந்தச் சிந்தனையாளராகத்தான் பேச வேண்டும், யார் வந்தாலும் சரி. 'யார் வந்தாலும்' என்று சொன்னபோது என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

வாய் ஓயாத 'ரேடியோ'வுக்கு ஹாப்ஸ் வேஷம். அதிகாரமெல்லாம் ஓர் ஆட்சியாளரிடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளாளுக்கு அடித்துக்கொள்வார்கள் என்றவர். எதற்கெடுத்தாலும் வாதாடும் 'வக்கீலு'க்கு லாக். ஆட்சி மக்களின் சம்மதத்தில் நிற்பது, நம்பிக்கை கெட்டால் மாற்றலாம் என்றவர். கேட்டாலொழிய வாய் திறக்காத 'பூனை'க்கு மாண்டெஸ்கியூ. சட்டம் போடுவது, நடத்துவது, தீர்ப்புச் சொல்வது மூன்றும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்றவர்.

அண்ணி உள்ளே வந்தார். பிள்ளைகளின் தலைகளைப் பார்த்தார்.

"ஸ்டோர் ரூம் மாப்பை எடுத்தது யாரு? என்னைக் கேக்காம எதையும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரேடியோ எழுந்துவிட்டான். "ஆட்சியாளர் சொன்னா மறுபேச்சு கூடாது! விட்டா எல்லாரும் மாப்புக்காக அடிச்சுக்குவாங்க. தண்டனை கொடுங்க மேடம்!"

அண்ணியின் முகம் மலர்ந்தது. வக்கீல் விடுவானா?

"மாப்பு பள்ளிக்கூடத்துச் சொத்து. நம்பித்தான் சாவியைக் கொடுத்திருக்கோம். நம்பிக்கை கெட்டா ஆளை மாத்திடலாம்."

"யாரை மாத்தறது?" அண்ணியின் குரல் இறங்கியது. வகுப்பு போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது பூனை எழுந்தாள். கண்ணை மறைத்த மாப்பை ஒதுக்கிக்கொண்டாள். "விதி போட்டது நீங்க. விசாரிக்கறதும் நீங்க. தீர்ப்பும் நீங்களே சொன்னா எப்படி மேடம்? அதை நாங்க சொல்றோம்."

அண்ணி அவளையே பார்த்தார். பிறகு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "சரி, சொல்லுங்க பாப்போம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என் பிள்ளைகள் என்னை விட்டுக்கொடுப்பார்களா? மாப்புத் தலைகள் ஒன்று கூடிக் குசுகுசுத்தன. என்னைக் கேட்டார்கள். எடுத்தது நான்தான் என்றேன்.

"டீச்சர் மேல குத்தம் இருக்கு" என்றாள் பூனை. "சாயங்காலம் இதே மாப்பால வராந்தா முழுக்க அவங்களே துடைக்கணும். காயற வரைக்கும் யாரும் அதுல நடக்கக் கூடாது. யாருக்கும் விலக்கு கிடையாது."

பாவிப் பிள்ளைகளா! அண்ணி கண்ணில் நீர் வரச் சிரித்தார். மணி அடித்ததும் வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்.

சாயங்காலம் துடைத்து முடித்தபோது இடுப்பு கழன்றுவிட்டது. பூனை படிக்கட்டில் உட்கார்ந்து தண்டனையை மேற்பார்வை பார்த்தாள். அண்ணி தன் அறைக்குப் போக வந்தார். வழியெல்லாம் ஈரம். காலை எடுத்து வைக்கப் போனார்.

"மேடம், இன்னும் காயல" என்றாள் பூனை.

தூக்கிய கால் அப்படியே நின்றது. இதுவரை அண்ணியை யாரும் நிறுத்தி நான் பார்த்ததில்லை, என் கணவர் உட்பட. காலைப் பின்னால் வைத்துக்கொண்டார். கைப்பையை அணைத்தபடி, தன் அறை எதிரே தெரிய, தரை காயும்வரை நின்றார்.

"எல்லாம் உன்னால" என்றார் என்னிடம். "வகுப்பு உன்கிட்டயே இருந்து தொலையட்டும். அந்த மூலையைப் பாரு, சரியாவே துடைக்கல."