மைனருக்குத் தரை போட்ட கதை

1

ஆடி மாதத்தில் தாய்வீட்டுக்குப் போன புதுப்பெண்ணை, ஆடி முடிவதற்கு முன்பே பஸ் ஏற்றிப் புருஷன் வீட்டுக்கு வரவழைத்த பல்லி உலகத்திலேயே ஒன்றுதான். அது என்னிடம் இருந்தது.

நம்ப வேண்டாம். இருபத்தாறு வருஷமாக யாரும் நம்பவில்லை. நீங்கள் மட்டும் நம்பினால் எனக்கே கூச்சமாக இருக்கும்.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வாரம் என் மனைவியின் தம்பி கஜபதி வீட்டுக்கு வந்தான். ரசம் சாதத்தைப் பிசைந்தபடி, "பாவா, அந்தப் பல்லிக் கதைய இன்னும் சொல்லிகினுதான் கீறியா? கேக்கறவன் எவனாவது நம்பனானா?" என்றான்.

"சொன்னால்தானே நம்பமாட்டார்கள்? எழுதினால்?" என்றேன். அவன் சிரித்ததில் ரசம் புரையேறியது. அவனுக்குத் தண்ணீர் கொடுத்த கையோடு காகிதத்தை எடுத்தேன்.

(மின்சார வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முள் எங்கே நிற்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். ஒரு யூனிட் கூட்ட முடியாது. ஒரு ஆள் எத்தனை காலம்தான் உள்ளதை உள்ளபடியே எழுதுவான்? அடக்கிவைத்ததெல்லாம் இப்போது பீறிக்கொண்டு வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: "திருத்தணி மலைப்படிகளில் இளவெயில் இறங்கிக்கொண்டிருந்த வேளையில், ஒரு பல்லி…"

கைவிட்டேன். அந்தப் பல்லி வெயிலில் வெளியே வராது.

இரண்டாவது தொடக்கம்: "அவளுடைய கண்களில் ஒரு பல்லியின் மீதான பிரிவாற்றாமை…"

கமலா தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். "யாருங்க அந்த அவ?" என்றாள். இதையும் கைவிட்டேன்.

3

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்ளலாம். வருஷம் அறுபத்திரண்டு. திருத்தணி ஆந்திராவிலிருந்து நம் பக்கம் வந்து இரண்டு வருஷம். தெலுங்கில் மட்டும் திட்டிக்கொண்டிருந்தவர்கள் தமிழிலும் திட்டப் பழகிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயது முப்பத்திரண்டு. நாற்பது பெண் பார்த்து (சரி, ஏழு) கடைசியில் பொதட்டூர்பேட்டையில் கமலாவைக் கட்டினேன்.

நெசவுக் குடும்பம். அங்கே தறிக்கு முன்னால் தரையில் ஒரு குழி இருக்கும். நெய்கிறவர் அதில் காலைத் தொங்கவிட்டு மிதிப்பார். கமலா மிதித்த குழியில் ஒரு பல்லி குடியிருந்தது. சுவரில் ஓடுகிற பல்லி அல்ல. பாறைக்காட்டிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த தரைப்பல்லி. பழுப்பு உடம்பில் மஞ்சள் பட்டைகள், கொழுகொழுவென்று வால், மனிதர்களைப் போல இமைக்கிற கண். ஒரு முழம் இருக்கும். (ஒரு சாண். வாலையும் சேர்த்து.) பட்டுச் சட்டை போட்ட பணக்காரப் பிள்ளை தெருவில் போவதுபோல நடக்கும் என்பதால், கமலா அதற்கு மைனர் என்று பேர் வைத்திருந்தாள்.

சீர்வரிசையோடு மைனரும் வந்தது. ஆபீசுக்கு மீட்டர் வந்த மரப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, முன்பக்கம் கண்ணாடியும் மேலே கம்பிவலையும் வைத்துக் கொடுத்தேன். மூன்று மாதம் சுகமாகப் போயிற்று. ஆடி பிறந்தது. புதுசாகக் கல்யாணமானவர்கள் அந்த மாதம் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்று, பெண்ணை அழைத்துப்போகக் கஜபதி வந்து நின்றான்.

"மைனரையும் எடுத்துப் போயேன்" என்றேன்.

"பஸ்ஸுல நசுங்கிடுங்க. நீங்களே பாத்துக்குங்க. பெட்டிக் கட்டைல அதுக்குக் கால் வழுக்கிகினே கீது, தரைக்கு எதுனா நல்லதா போடுங்க" என்றாள் கமலா. வாசல்வரை போனவள் திரும்பினாள். "நான் வர்றப்போ அது உசுரோட இருக்கணும்."

"இல்லாவிட்டால்?"

"இல்லாங்காட்டி எனக்கு ஆவணியும் ஆடிதான்."

அவள் சிரிக்கவில்லை. நாற்பது (ஏழு) பெண் பார்த்தவன் அப்போது என்னவெல்லாம் நினைத்திருப்பான் என்று வாசகரே எழுதிக்கொள்ளலாம். இரண்டு வரி இடம் விடுகிறேன்.

………………………
………………………

4

தரைக்கு எதைப் போடுவது?

ஊரே யோசனை சொன்னது. ஊர் என்றால் வீட்டுக்காரம்மா ஞானம்மாள், எதிர்வீட்டு வேணு, போகிற போக்கில் கஜபதி.

"மலை மேல மொட்ட அடிக்கிற முடி மூட்டை மூட்டையா கீது பாவா. அதப் போடு, மெத்துனு இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் அக்காவை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினான். முருகனுக்குக் கொடுத்ததைப் பல்லிக்குப் போடுவதா? தவிர, முடி விரலில் சுற்றிக்கொண்டால் விரல் போய்விடும். வேணு உமி என்றான். உமியைத் தூக்கிப் பார்த்தேன். முனை ஒவ்வொன்றும் ஊசி. வெல்ல ஆலையிலிருந்து கரும்புச் சக்கை கொண்டுவந்தார்கள். மறுநாளே பூஞ்சை பூத்தது.

ஞானம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "பல்லிக்கிட்டயே கேளுப்பா! ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற சாதி, தன் ஊட்டுக்குச் சொல்லாதா?"

எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. பேச்சின் நடுவே பல்லி கத்தினால், பேசியது சத்தியம் என்று தரையில் விரலைத் தட்டுகிற ஊர் இது. அந்தியில் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன்.

"தேங்காய் நாரா?" சத்தம் இல்லை.

"மரத்தூளா?" இல்லை.

"ஆற்று மணலா?"

ச்சுக், ச்சுக், ச்சுக், ச்சுக்!

ஞானம்மாள் தரையில் விரலைத் தட்டினாள். "பாத்தியா! வாயத் தொறந்து சொல்லிடுச்சு!"

மணலைக் கொண்டுவந்து சலித்து, கழுவி, காயவைத்துப் பரப்பினேன். திருப்பதிக்குப் போகிற வழியில் ஆயிரம் பேர் வந்து பார்த்தார்கள். (வேணுவும் அவன் மாமனாரும்.)

5

இங்கே ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். அடுத்த வீட்டுச் சற்குணம் அண்ணன், மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். அவரை ஞானியாக எழுதினால் கதைக்கு நல்லது. ஆனால் அவர் வாழ்நாளில் பல்லிக்கு வைத்தியம் பார்த்ததில்லை. கோழியை வைத்துப் பல்லியைக் கணக்குப் போட்டார். அது பொருந்தியது அவர் அதிர்ஷ்டம். உள்ளபடியே வைக்கிறேன்.

மணல் போட்ட பிறகு நடந்தது இது. கரப்பான்பூச்சியைப் போட்டால் மைனர் பாய்ந்து கவ்வும். கவ்வும்போது வாய் நிறைய மணலும் போகும். நான் அதன் வீரத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். சில நாளில் வயிறு உப்பிக் கல்லானது. பிறகு கரப்பானே அதன் மேல் ஏறி நடந்தது. மைனர் இமைக்க மட்டும் செய்தது.

சற்குணம் அண்ணன் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார். "கோழி கல்லு துன்னா அரைக்கும். இதுக்கு அரைக்கிற மிசினு ஏது? அடைச்சிகினு கீது. மணல் போடச் சொன்ன மேதாவி யாரு?"

"அதுவேதான் சொன்னது, அண்ணே."

"இதுவா?" அவர் மைனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ச்சுக் ச்சுக் என்றது. மைனரின் வாய் மூடியே இருந்தது. அவர் விரல் மெதுவாக மேலே போயிற்று. உத்திரத்தில் சாதாரணச் சுவர்ப்பல்லி ஒன்று, வாலை ஆட்டிக்கொண்டு.

"கத்துனது அவரு. மணல் துன்னது இவரு" என்றார் அண்ணன்.

மணலை வாரிக் கொட்டினேன். தற்காலிகமாகச் செய்தித்தாள் விரித்தோம். அதிலே பார்த்து ஒரு தலைவர் படத்தின் மேல் மைனர் படுத்துக்கொள்ள, வேணு அந்தத் தலைவரின் கட்சிக்காரன் என்பதால், ஊர் இரண்டுபட்டது.* ஆனால் வயிறு இறங்கவில்லை. நெய்த லுங்கிகளை விற்கத் திருத்தணிக்கு வந்த கஜபதி எட்டிப் பார்த்தான், "இன்னா பாவா, மைனர் கர்ப்பமா?" என்று சிரித்துவிட்டுப் போனான். அக்காவிடம் ஒன்றும் சொல்லாதே என்று வாசல்வரை போய்ச் சொன்னேன். பெட்டி பக்கத்திலேயே பாய் போட்டுக்கொண்டேன்.

* ஊர் இரண்டுபடவில்லை. வேணு ஒரு நாள் பேசாமல் இருந்தான்.

6

ஆடிக் கிருத்திகை. மலையைச் சுற்றி மஞ்சள் துணியும் பூக்காவடியும். தெருவில் கால் வைக்க இடமில்லை. இந்தப் பல்லிக்குப் பால் ஊற்றுவதா, குழி வெட்டுவதா என்று நான் உட்கார்ந்திருக்கையில் கதவு தட்டப்பட்டது.

கமலா! வியர்த்துக் கொட்ட, கையில் ஒரு சின்னத் துணிச்சுருள்.

"ஆடியில் நீ…"

"தள்ளுங்க. வெந்நீர் வையுங்க. ரொம்ப சூடு வாணாம்."

சாஸரில் வெதுவெதுப்பான தண்ணீரில் மைனரை உட்காரவைத்து, சுண்டுவிரலால் அதன் வயிற்றை மேலிருந்து கீழாக நீவினாள். அது கண்ணை மூடித் திறந்தது. நெடுநேரம் கழித்து, ஒரு சிட்டிகை மணல் வெளியே வந்தது. (ஒரு வண்டி மணல் என்று எழுதத்தான் கை அரிக்கிறது. இந்த ஒரு இடத்தில் மட்டும் வேண்டாம்.)

பிறகு சுருளைப் பிரித்தாள். பெட்டி அளவுக்கு நெய்த துணி. சிவப்பும் பச்சையும் கட்டம், ஓரத்தில் கரை. நகம் மாட்ட ஒரு நூல் வெளியே இல்லை. எல்லா முனையையும் உள்ளே மடித்துத் தைத்திருந்தாள்.

"கஞ்சி போக மூணு வாட்டி அலசினேன். இல்லாங்காட்டி எறும்பு வரும்" என்றாள்.

மைனர் அதன் மேல் ஏறி, நாலு காலையும் ஊன்றி நின்றது. வழுக்கவில்லை.

"உடம்பு சரியில்லை என்று உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. தோணுச்சு" என்றாள். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "ஆவணி மொத நாளே வந்துடறேன்" என்றாள்.

7

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

(அ) மைனர் கிழவனாகி, என்னோடு சேர்ந்து ஓய்வு பெற்றது.

(ஆ) ஒரு கிருத்திகைக் கூட்டத்தில் பூக்காவடி ஒன்றில் ஏறி மலைக்குப் போய்விட்டது.

(இ) எட்டு வருஷம் அந்தத் துணி மேலேயே வாழ்ந்து, ஒரு மார்கழியில் தூக்கத்திலேயே போயிற்று.

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதில்லை. என் கவலையெல்லாம் அந்த ஒரு கிருத்திகை நாள்தான். காகிதங்களை அடுக்கி, இன்று மறுபடி வந்த கஜபதியிடம் நீட்டினேன். கடைசிவரை படித்தான்.

"அக்கா கிருத்திகைக்குத்தான் வந்திச்சு பாவா. மலைக்கு வந்துட்டு அப்படியே உன்ன எட்டிப் பாத்திச்சு. எங்கம்மாவக் கேட்டா சொல்லியிருப்பாங்க."

"உங்கம்மா போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறதே, கஜபதி. இனி யாருக்குப் பயம்?"

அவன் அடுக்களைப் பக்கம் பார்த்தான். கமலா கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை, தோள் மட்டும் குலுங்கிற்று. சிரிக்கிறாள்.

"அக்காகிட்ட ஒண்ணும் சொல்லாதேனு நீ சொன்ன" என்றான் கஜபதி. "என்னால முடியல. மைனரு சாவப்போவுதுனு அன்னிக்கே போய்ச் சொல்லிட்டேன். சோறு துன்னாம தறில உக்காந்து அந்தத் துணிய நெய்ஞ்சிச்சு. கிருத்திகைக்குனு அம்மாகிட்ட நான்தான் பொய் சொல்லி பஸ் ஏத்திகினு வந்தேன். அம்மாவுக்குக் காட்ட விபூதி வேணுமே, அதுக்கு அந்தக் கூட்டத்துல ஒத்த ஆளா மலை ஏறி எறங்கினேன்."

"அப்படியானால்?"

"ஆங், வந்திச்சு பாவா. சாமிக்கு இல்ல, பல்லிக்குத்தான் வந்திச்சு."